அரண்மனைக்கு ஒரே வாசல்

கொஞ்சம் நீளமான பதிவுதான். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருப்பவர்களாவது கடைசிவரை படித்துவிடுங்கள்.

நம்ம ஊரில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு. பனியன் கம்பெனிகள் எல்லாம் ஒரே நாளில் மூடுவதால், ஊரே ஒரே நாளில்தான் வெளியே கிளம்பும். அப்படி ஒரு ஞாயிறு சாயங்காலம் மகள், மருமகன், ஆறு வயதுப் பேத்தியோடு ஒரு பொருட்காட்சிக்குப் போனேன். பெயர் வேண்டாம். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

வாசலிலேயே பெரிய அரண்மனை. 'பாகுபலி' பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். இரண்டு பக்கமும் துதிக்கை தூக்கிய யானைகள், நடுவில் சிம்மாசனம், மேலே கலர் லைட். பேத்தி வாயைப் பிளந்துவிட்டாள். உள்ளே ராட்டினம், பனிக்குகை, அப்பளக் கடை என்று என்னென்னவோ இருந்தன. ஆனால் எல்லோருக்கும் கண் அந்த அரண்மனை மேல்தான். வந்தவர்கள் வளைவுக்குக் கீழேயே நின்று செல்பி எடுத்தார்கள். பின்னால் வருகிறவர்கள் தள்ளினார்கள். வளைவைத் தாண்டினால் பாதை பாதியாகக் குறுகிவிடும். போதாக்குறைக்கு, சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே போகிறவர்களும் அதே வழியில்தான் எதிரே வந்தார்கள்.

அங்கேதான் பேத்தியைக் காணோம்.

ஏழெட்டு நிமிடம் இருக்கும். 34 வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். ஊட்டி, மைசூர், கன்னியாகுமரி என்று எத்தனையோ சுற்றுலா கூட்டிப்போயிருக்கிறேன். பஸ் ஏறும்போது தலை எண்ணுவேன், இறங்கும்போது தலை எண்ணுவேன். ஒரு பிள்ளையைக்கூடத் தொலைத்ததில்லை. அன்றைக்கு ஒரே ஒரு தலை. அதை எண்ணத் தவறிவிட்டேன்.

பக்கத்து மாவட்டமான கரூரில் 2025 செப்டம்பர் 27 அன்று கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்களே, அதுதான் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. கால் ஓடவில்லை. கத்தினாலும் ஸ்பீக்கர் பாட்டில் யாருக்கும் கேட்கவில்லை.

கடைசியில் ஒரு ஒடிசாப் பையன், இருபது வயதுகூட இருக்காது, அவளைத் தோளில் தூக்கி உட்காரவைத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே நின்றான். மேலே இருந்து அவள்தான் என்னைப் பார்த்து "அப்புச்சி!" என்று கத்தினாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவன் சிரித்துவிட்டு, "வெளியே போற வழி எங்க சார்?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டான். பாவம், அரை மணி நேரமாக அவனும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தானாம். போர்டு எல்லாம் தமிழிலும் இங்கிலீஷிலும். ஓர் அம்புக்குறி படம்கூட இல்லை. திருப்பூரின் பாதித் தறியும் தையலும் இன்றைக்கு யார் கையில் ஓடுகிறது என்று நமக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை. இது ஏன் நடந்தது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

சில வருடங்களுக்கு முன் ஐதராபாத் பக்கத்திலுள்ள ராமோஜி பிலிம் சிட்டிக்குப் போயிருக்கிறேன். 1996-இல் தொடங்கியது, 1,666 ஏக்கர் பரப்பு, உலகின் பெரிய படப்பிடிப்பு வளாகம் என்று கின்னஸில் பதிவானது. 'பாகுபலி'க்காகப் போட்ட மகிழ்மதி அரங்கை இன்றைக்கும் அங்கே காட்டுகிறார்கள். முன்னால் பார்த்தால் கோட்டை. பின்னால் போனால் வெறும் சாரமும் சட்டமும். சினிமா அரங்கு கேமராவுக்காகக் கட்டியது. கேமரா ஓர் இடத்தில் நிற்கும், யாரையும் இடிக்காது, அதற்குக் குழந்தை கிடையாது, முழங்கால் வலி கிடையாது. அதனால்தான் அங்கே பெரும்பகுதியைச் சிவப்புப் பஸ்களில் ஏற்றிக் காட்டி, குறிப்பிட்ட இடங்களில் மட்டும் இறக்கிவிடுகிறார்கள். பஸ்தான் அங்கே கூட்டத்தைப் பிரிக்கிறது. நம்ம பொருட்காட்சியில் அரங்கை மட்டும் காப்பி அடித்தோம், பஸ்ஸை விட்டுவிட்டோம்.

இது நமக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. அமெரிக்காவில் டிஸ்னிலேண்ட் 1955 ஜூலை 17 அன்று திறந்தபோது, போலி டிக்கெட்டில் ஆயிரக்கணக்கானோர் உள்ளே வந்துவிட்டார்கள். புதிதாகப் போட்ட தார் காயாமல் பெண்களின் செருப்புக் குதிகள் அதில் புதைந்தன. ஆனாலும் ஒன்றை மட்டும் முதலிலேயே சரியாகச் செய்திருந்தார்கள். கோட்டையை வாசலில் வைக்கவில்லை; தெருவின் கடைசியில் வைத்தார்கள். அது 77 அடி உயரம்தான். மேலே போகப் போகக் கற்களைச் சின்னதாக்கி, பெரிதாகத் தெரியும்படி கட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். கோட்டைக்கு முன்னால் ஒரு வட்டம். அங்கிருந்து பல திசைகளுக்குப் பாதை பிரியும்.

2010-இல் ஆர்லாண்டோவில் யுனிவர்சல் நிறுவனம் ஹாரி பாட்டர் கிராமத்தைத் திறந்தது. படத்தில் வருகிற மாதிரியே குறுகலான தெரு, சின்னச் சின்னக் கடைகள். பார்க்க அழகு. ஆனால் முதல் நாளே வரிசை பூங்கா வாசலைத் தாண்டி வெளியே நீண்டது. கடைக்குள் நுழையவே காத்திருக்க வேண்டியதாயிற்று. 2014-இல் அடுத்த பகுதியைப் பக்கத்துப் பூங்காவில் கட்டி, இரண்டுக்கும் நடுவே ஒரு ரயிலை விட்டார்கள். அழகையும் விடவில்லை, கூட்டத்துக்கும் இரண்டு இடம் கிடைத்தது.

அவ்வளவு தூரம் எதற்கு? அவிநாசி கோயிலுக்குப் போங்கள். கோபுரம் தூரத்திலேயே தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே நடப்போம். உள்ளே எல்லோரும் வலமாகத்தான் சுற்றுவோம். ஒருத்தர் மேல் ஒருத்தர் எதிரே வந்து மோத வேண்டியதில்லை. தேர் வீதி தேருக்கு ஏற்ற அகலம். பெரியவர்கள் பக்தியோடு வழியையும் சேர்த்தே வகுத்து வைத்திருக்கிறார்கள்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் இப்போது ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அவனிடம் இதைச் சொன்னேன். சிரித்தான். "சார், பவர் டேபிளில் ஓவர்லாக் வேகமாக ஓடி, பேட்லாக் ஒன்றே ஒன்று இருந்தால் என்ன ஆகும்? அந்த மெஷினுக்கு முன்னால் பீஸ் மலையாகக் குவியும். டெய்லரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. மெஷினை மாற்றிப் போட வேண்டும்." துணி குவிந்தால் கசங்கும், அயர்ன் போட்டுச் சரிசெய்துவிடலாம். மனுசன் குவிந்தால்?

பள்ளிக்கூடத்தில் சாயங்கால மணி அடித்தால் ஒரே சமயத்தில் எல்லா வகுப்பையும் விடமாட்டோம். முதலில் ஒன்றாம் வகுப்பு, அப்புறம் இரண்டாம் வகுப்பு. மாடிப்படியில் ஓர் ஆசிரியர் நிற்பார். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். பொருட்காட்சி நடத்துகிறவர்களிடம் நான் கேட்பதும் இவ்வளவுதான். உள்ளே வர ஒரு வழி, வெளியே போக வேறொரு வழி. போட்டோ எடுக்கிற இடம் நடைபாதையை விட்டுத் தள்ளி. படம் போட்ட அம்புக்குறிகள், இந்தியிலும் ஒடியாவிலும் ஒரு வரி. இடம் நிரம்பினால் கொஞ்ச நேரம் டிக்கெட்டை நிறுத்துங்கள். தொலைந்த குழந்தை வந்து நிற்க, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஓர் உயரமான கொடிக்கம்பம்.

இதுவரை சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பேத்தியின் கையை விட்டது கூட்டம் இல்லை, நான்தான். சிம்மாசனத்துக்கு முன்னால் அவளை நிறுத்திப் போட்டோ எடுக்க, இரண்டு கையாலும் போனைப் பிடித்தேன். அந்த வளைவுக்குக் கீழே வழியை மறித்து நின்றவர்களில் நானும் ஒருவன். மகளிடம் இன்றுவரை இதைச் சொல்லவில்லை. இந்தப் பதிவில்தான் படிக்கப் போகிறாள்.

அந்தப் போட்டோ போனில் இருக்கிறது. அதில் பேத்தி இல்லை. யாரோ ஒருவருடைய முதுகு இருக்கிறது.

இனிமேல் எங்கே போனாலும் அவள் கையில் பேனாவால் என் போன் நம்பரை எழுதிவிடுகிறேன். உள்ளே நுழைந்ததும், "காணாமல் போனால் எங்கே வந்து நிற்கணும் கண்ணு?" என்று கேட்கிறேன். இடத்தை அவளே காட்டுகிறாள்.

உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். நாலு பேருக்கு உதவும்.