வேகம் எங்கே இருக்கிறது?

கணினி வாங்கச் செல்பவர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை கிகாஹெர்ட்ஸ்?" ஒரு பொருளின் தரத்தை ஒற்றை எண்ணில் அடக்கிவிடலாம் என்ற நம்பிக்கை நமக்கு மிகவும் வசதியானது. மாணவனுக்கு மதிப்பெண், நூலுக்கு விற்ற பிரதிகள், கணினிக்குக் கடிகார வேகம். இலக்கியத்தில் இத்தகைய அளவுகோல்களைச் சந்தேகிக்கப் பழகிய நாம், இயந்திரத்தின் முன் அமர்ந்தவுடன் அந்தச் சந்தேகத்தைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி வைத்துவிடுகிறோம். அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று யோசிக்கும் கட்டாயம் 2015-ல் எங்களுக்கு ஏற்பட்டது.

நண்பர்கள் சிலர் சேர்ந்து பழைய சிற்றிதழ்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். தாள்கள் தொட்டால் உதிரும் நிலையில் இருந்தன. எங்களிடம் இருந்தது 2008-ல் வாங்கிய, இரண்டு கருக்கள் கொண்ட செயலியுடன் கூடிய ஒரு கணினி. ஒரு கோப்பைத் திறப்பதற்குள் பேச்சு வேறு திசைக்குப் போய்விடும். ஒரு சொல்லைத் தேடச் சொல்லிவிட்டுத் தேநீர் போட்டு வரலாம். பொதுப்பணத்தில் மிஞ்சியிருந்த தொகைக்கு ஒன்று புதிய கணினி வாங்கலாம், இல்லையேல் மீதமுள்ள இதழ்களை வருடியில் இட்டுப் படமெடுத்து முடிக்கலாம். இரண்டுக்கும் போதாது. அடுத்த மழைக்காலத்துக்குள் சில இதழ்கள் படிக்க முடியாமல் போய்விடும் என்பது எங்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆகவே பணத்தைத் தொடுவதற்கு முன், இந்த மந்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவதென முடிவு செய்தோம்.

செயலிக்குள் ஓர் ஓயாத துடிப்பு உண்டு. ஒவ்வொரு துடிப்பிலும் அதன் சுற்றுகள் ஒரு படி முன்னகர்கின்றன. 1971-ல் இன்டெல் வெளியிட்ட 4004 என்ற நுண்செயலியில் ஏறத்தாழ 2,300 டிரான்ஸிஸ்டர்கள் இருந்தன. நொடிக்கு அதிகபட்சம் 7,40,000 முறை அது துடித்தது. 3 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 300 கோடித் துடிப்புகள். அப்படியொரு துடிப்புக்குள் ஒளியே 10 சென்டிமீட்டர்தான் போக முடியும். அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் தமது சொற்பொழிவுகளில் 30 சென்டிமீட்டர் அளவுள்ள கம்பித் துண்டுகளைப் பார்வையாளர்களுக்குக் கொடுப்பது வழக்கம். ஒரு நானோநொடியில் மின்குறிப்பு கடக்கக்கூடிய மிக அதிகத் தொலைவு அவ்வளவுதான் என்பதைக் கையில் பிடித்துப் பார்க்கச் செய்தார் அவர்.

இந்தத் துடிப்பு இவ்வளவு விரைவானதற்குப் பின்னால் இரண்டு பெயர்கள் உண்டு. ஒரு சில்லில் அடங்கும் உறுப்புகள் ஆண்டுதோறும் இரட்டிக்கும் என்று 1965-ல் கார்டன் மூர் கணித்ததும், 1975-ல் அதை இரண்டாண்டுக்கு ஒருமுறை என்று திருத்தியதும் பலர் அறிந்தவை. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் அவ்வளவு அறியப்பட்டவர் அல்லர். டிரான்ஸிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், அதே பரப்பில் எழும் வெப்பம் கூடாது என்று 1974-ல் அவரும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். மேலும் சிறிது, மேலும் விரைவு, ஆனால் சூடு அதே அளவு. இயற்கை மிக அரிதாகத்தான் இத்தனை தாராளமாக நடந்துகொள்ளும். 1993-ல் பென்டியம் 66 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. 2002-ன் இறுதியில் பென்டியம் 4 மூன்று கிகாஹெர்ட்ஸைத் தாண்டிவிட்டது. பத்தாண்டுக்குள் ஏறத்தாழ 46 மடங்கு.

அத்தோடு அந்தத் தாராளம் தீர்ந்தது. மின்னழுத்தத்தை ஓர் அளவுக்குக் கீழே கொண்டுபோனால் டிரான்ஸிஸ்டர் அணைந்திருக்கும்போதும் மின்சாரம் கசியத் தொடங்குகிறது. அழுத்தம் குறையாமல் துடிப்பை மட்டும் கூட்டினால் சூடு ஏறுகிறது. 2004-ல் இன்டெல் தனது தேஜஸ் என்ற செயலித் திட்டத்தைக் கைவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியமும் வராது என்று அறிவித்தது. அதன் தலைமை நிர்வாகி கிரெய்க் பாரெட் ஒரு மாநாட்டு மேடையில், பாதி விளையாட்டாக, மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். பின்னாளில் அந்த எல்லை தாண்டப்பட்டது உண்மைதான். 2023-ல் 6 கிகாஹெர்ட்ஸைத் தொடும் செயலி கடைக்கு வந்தது. ஆனால் பத்தாண்டில் 46 மடங்கு உயர்ந்த எண், அதன் பிறகான இருபது ஆண்டில் இரண்டு மடங்குதான் உயர்ந்திருக்கிறது.

அந்த எண் உயர்ந்துகொண்டிருந்த காலத்திலும் அது முழு உண்மையைச் சொல்லவில்லை என்பதுதான் சுவையானது. பென்டியம் 4 தனது பணியைப் பல சிறு படிகளாகப் பிரித்துக்கொண்டது. முதலில் 20, பின்னர் 2004-ல் வந்த வடிவத்தில் 31. படி சிறிதானால் துடிப்பை விரைவுபடுத்தலாம். ஆனால் நிரலில் 'இப்படியானால் இந்த வழி, இல்லையேல் அந்த வழி' என்று ஒரு கிளை வரும்போது, விடை தெரியுமுன்பே செயலி ஒரு வழியை ஊகித்து நடக்கத் தொடங்குகிறது. நாம் தமிழ் வாக்கியத்தை வாசிப்பதும் இப்படித்தான். வினைமுற்று கடைசியில்தான் வரும். அதுவரை நம் மனம் ஒரு முடிவை ஊகித்துக்கொண்டே செல்கிறது. கடைசியில் 'இல்லை' என்று ஒரு சொல் வந்து நின்றால் திரும்பிப்போய் முழுவதையும் மாற்றிப் படிக்கிறோம். ஊகம் பொய்த்தால் 31 படிகள் கொண்ட செயலிக்கும் அதே கதிதான். பாதி முடிந்த வேலைகள் அனைத்தையும் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். 2003-ல் வந்த பென்டியம் எம் மெதுவாகத் துடித்தும், பல பணிகளில் தன்னைவிட மிக விரைவாகத் துடித்த பென்டியம் 4-க்கு ஈடுகொடுத்தது. ஒரு துடிப்பில் எத்தனை வேலை முடிகிறது என்பதும் வேகத்தின் பாதி.

எங்கள் கணினிக்கு வருவோம். பணிகளைக் காட்டும் சாளரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கோப்பைத் திறந்தோம். நாங்கள் காத்திருந்த அந்த நேரம் முழுவதும் செயலி பத்து விழுக்காட்டுக்கு மேல் வேலை செய்யவே இல்லை. அதுவும் எங்களைப் போலவே காத்துக்கொண்டிருந்தது!

எதற்காக என்பதை விளங்கிக்கொள்ள ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். 3 கிகாஹெர்ட்ஸ் செயலியின் ஒரு துடிப்பை நம்முடைய ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம். செயலிக்குள்ளேயே இருக்கும் சிறிய இடைநினைவகத்திலிருந்து ஒன்றை எடுக்க நாலைந்து நொடிகள்: மேசைமேல் இருக்கும் புத்தகம். முதன்மை நினைவகத்துக்குப் போனால் நாலைந்து நிமிடங்கள்: அடுத்த அறை அலமாரி. சுழலும் வன்தட்டில் தகவல் இருக்கும் இடத்துக்கு முள் போய்ச் சேர ஏறத்தாழ 10 மில்லிநொடி பிடிக்கிறது. நம் கணக்கில் அது 347 நாட்கள்! ஒரு நூலை வேண்டி நூலகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டு ஏறக்குறைய ஓராண்டு சும்மா அமர்ந்திருக்கும் ஆய்வாளனின் படிப்பு வேகத்தைக் கூட்டி என்ன பயன்? நகரும் உறுப்புகள் ஏதுமற்ற திடநிலைத் தட்டு அதே காத்திருப்பை மூன்றரை நாளாக்குகிறது.

ஆகவே செயலியைத் தொடாமல் வன்தட்டை மாற்றினோம். நினைவகத்தைக் கொஞ்சம் கூட்டினோம். மூடியைக் கழற்றியபோது விசிறியில் ஏழாண்டுத் தூசி பஞ்சாகப் படிந்திருந்தது. சூடு எல்லை மீறினால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் துடிப்பைத் தானே குறைத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில், காற்றோட்டமில்லாத அறையில், பெட்டியில் அச்சிட்ட கிகாஹெர்ட்ஸ் வெறும் அச்செழுத்துத்தான். தூசியைத் தட்டி, செயலிக்கும் வெப்பந்தாங்கிக்கும் நடுவே உலர்ந்து போயிருந்த பசையை மாற்றினோம். புதுக்கணினி விலையில் சிறு பகுதிதான் செலவு.

கோப்புகள் உடனே திறந்தன. சொல்தேடல் முன்னைவிட விரைவானது, ஆயினும் போதவில்லை. இப்போது செயலி முழுமூச்சாக உழைத்துக்கொண்டிருந்தது. ஆனால் எதில் உழைத்தது? ஒவ்வொரு தேடலுக்கும் எல்லாக் கோப்புகளையும் முதல் எழுத்திலிருந்து வாசித்தது. தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் அதில் இருந்தது. யூனிகோடில் 'கொ' என்பதைக் ககரமும் ஒகரக் குறியுமாக எழுதலாம். ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. எங்கள் நிரல் ஒவ்வொரு தேடலின் போதும் உரை முழுவதையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து, பிறகு தேடியது. நண்பர் ஒருவர் இந்த ஒழுங்குபடுத்தலை ஒரேயொரு முறை செய்து சேமித்தார்; எல்லாச் சொற்களையும் வரிசைப்படுத்தி, எது எங்கே வருகிறது என்று ஓர் அட்டவணையும் போட்டார். நூலின் கடைசியில் சொல்லடைவு போடுவது நமக்குப் புதிய கலையா என்ன? 2 லட்சம் சொற்கள் வரிசையாக இருந்தால், அகராதியை நடுவில் பிரித்து முன்னா பின்னா என்று பார்ப்பதுபோல 18 ஒப்பீடுகளில் எந்தச் சொல்லையும் அடைந்துவிடலாம். தேடல், விசையை அழுத்தியவுடன் முடிந்தது. செயலி அதே பழைய செயலிதான்.

இது எங்கள் சிறிய அறைக்கு மட்டும் பொருந்துவதன்று. சார்லஸ் லெய்ஸர்ஸனும் சகாக்களும் 2020-ல் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 4,096 வரிசையும் 4,096 நிரலும் கொண்ட இரு அணிகளைப் பெருக்கும் கணக்கு. எளிய பைத்தான் நிரல் அதற்கு ஏழு மணி நேரம் எடுத்துக்கொண்டது. அதே கணினியில் சி மொழிக்கு மாற்றி, 18 கருக்களுக்கும் பகிர்ந்து, இடைநினைவகத்தில் அடங்கும் துண்டுகளாகப் பிரித்து, செயலியின் சிறப்புக் கட்டளைகளைப் பயன்படுத்தியபோது அரை நொடிக்கும் குறைவாக முடிந்தது. 60,000 மடங்குக்கும் மேல். எந்தக் கடையிலும் இத்தகைய செயலி விற்பனைக்கு இல்லை.

கருக்களைப் பெருக்கினால் போதாதா என்று கேட்கலாம். 2004-க்குப் பிறகு செயலி நிறுவனங்கள் செய்தது அதைத்தான். ஆனால் ஜீன் ஆம்டால் 1967-லேயே ஓர் எல்லையைச் சுட்டியிருந்தார். வேலையில் பத்தில் ஒரு பங்கு ஒருவர்பின் ஒருவராகவே செய்யப்பட வேண்டியது என்றால், ஆயிரம் கருக்களைச் சேர்த்தாலும் மொத்த வேகம் பத்து மடங்கைத் தாண்டாது. சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தட்டச்சுக்குப் பத்துப்பேர் கிடைப்பார்கள். கடைசி மெய்ப்பை ஒருவர்தான் பார்க்க வேண்டும், இதழ் அவருக்காகத்தான் காத்திருக்கும்.

எல்லா இடத்திலும் பழைய செயலி தப்பித்துவிட்டதாகவும் சொல்லிவிட முடியாது. பக்கப் படங்களைத் தூய்மைப்படுத்துவதில் அதன் இயலாமை வெளிப்படையாகவே தெரிந்தது. இரவில் ஓடவிட்டுக் காலையில் வந்து பார்த்தோம். அந்த வேலைக்குப் புதிய செயலி உண்மையிலேயே உதவியிருக்கும். ஆனால் அது எந்த வேலை என்பதை அறிந்தபின் வாங்குவது வேறு, எல்லா மந்தத்துக்கும் ஒரே மருந்தென்று வாங்குவது வேறு. மிஞ்சிய பணத்தில் அந்த மழைக்காலத்துக்கு முன் எல்லா இதழ்களும் படமாகிவிட்டன.

நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் 'ஸ்லோ' என்ற ஒற்றைச் சொல்லோடு ஒதுக்கப்படும் கணினிகள் பல. அவற்றுள் எத்தனை செயலியால் மந்தமானவை, எத்தனை தட்டாலும் தூசியாலும் மந்தமானவை, எத்தனை நாம் கொடுத்த வேலையின் வகையால் மந்தமானவை என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. பார்ப்பதற்குத் தனி அறிவு எதுவும் தேவைப்படுவதில்லை. அடுத்த முறை திரையின் முன் காத்திருக்க நேரும்போது, பணிகளைக் காட்டும் அந்தச் சாளரத்தைத் திறந்து, செயலியும் நம்மோடு சேர்ந்து காத்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.