மன்னார் ஊடாக

ஞாயிறு காலை, தேத்தண்ணி ஆற முதலே கைபேசியில் காற்றைப் பார்த்தாயிற்று. திங்கள் மணிக்கு 30 கிலோமீற்றர். செவ்வாய் 33. புதன் 42, இடைக்கிடை 55. வியாழனும் கிட்டத்தட்ட அதே கணக்கு. வெள்ளி தாண்டினால் படம் மெல்லப் பச்சைக்குத் திரும்புகிறது. வெள்ளி எனக்கு உதவாது. ஆடி அமாவாசை வியாழன். அதற்கு முதல் நெடுந்தீவு வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும்.

அம்மாவுக்கு எடுத்தேன்.

“புதன் காத்து கூட எண்டு காட்டுது. செவ்வாய் வரட்டே?”

“அது காட்டும். நீ காத்தோட்டிக்காய் கிடைச்சவுடனை வெளிக்கிடு. இஞ்சை ஒண்டும் இல்லை.”

தகப்பன் இல்லாதவன் ஆடி அமாவாசை விரதம் பிடித்தால் இலையில் காத்தோட்டிக்காய் இருக்க வேண்டும், அது யாழ்ப்பாணத்து முறை. முள்ளுக் கொடியில் காய்க்கும் பச்சைக் காய். பிளந்து விதையை வழித்தெடுத்துப் பொரித்தாலும் கசப்புப் போகாது. வருஷம் முழுக்க அதை ஏறெடுத்தும் பார்க்காத சனம், அந்த ஒரு கிழமை திருநெல்வேலிச் சந்தையில் சொன்ன விலைக்கு வாங்கும். சின்ன வயதில் அதைக் காற்றை ஓட்டுகிற காய் என்றே நினைத்திருந்தேன். சமைத்துப் படைத்தால் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடங்கும், கடல் குளம் மாதிரிக் கிடக்கும் என்று. ஒரு வருஷமும் அடங்கியதில்லை.

அந்த நாளில் எங்கள் வீட்டில் காற்றைச் சொன்னது அப்புவின் ரேடியோ. கறுப்புத் தோலுறை போட்ட பெட்டி. பற்றரி இறங்கினால் வெயிலில் காயவைப்பார். மீனவருக்கான வானிலை அறிவித்தல் தொடங்கினால் வீட்டில் ஒருவரும் மூச்சுவிடக் கூடாது. ஆச்சி மட்டும் அடுப்படியில் வேண்டுமென்றே சட்டியை உருட்டுவாள். கொழும்பிலிருந்து புத்தளம் ஊடாக மன்னார் வரை, புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரை, காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக... தேவாரம் போல ஒரே ராகத்தில் வரும். காங்கேசன்துறை என்ற சொல் வந்ததும் அப்பு ரேடியோவை நிறுத்திவிடுவார். மிச்ச இலங்கைக்கு என்ன நடந்தாலும் அவருக்குக் கவலையில்லை.

“எங்கடை பேர் வரேல்லையே அப்பு?”

“வராது. ஆனா எங்களைத்தான் சொல்லுறாங்கள்.”

மன்னாரை விட்டு வடக்கே வந்து காங்கேசன்துறை போய்ச் சேருவதற்குள் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு எல்லாம் கிடக்கின்றன. அறிவித்தலில் ஒன்றுக்கும் பெயர் இல்லை. ‘ஊடாக’ என்ற சொல்லுக்கும் ‘வரை’ என்ற சொல்லுக்கும் நடுவில் எங்கேயோதான் எங்கள் வீடு இருந்தது.

இப்போது கைபேசிப் படத்தில் தீவு தெரிகிறது, பெயரும் எழுதியிருக்கிறது. ஆனால் அந்தப் படத்துக்குக் கணக்குப் போடும் ஐரோப்பிய மாதிரி உலகத்தை ஏறக்குறைய 9 கிலோமீற்றர்ச் சதுரங்களாக வெட்டித்தான் பார்க்கிறது. ஒரு சதுரம் 81 சதுரக் கிலோமீற்றர். நெடுந்தீவு மொத்தமே ஏறக்குறைய 50. கல்வேலிகள், குதிரைகள், பெருக்கமரம், அம்மாவின் கிணறு எல்லாவற்றுக்கும் சேர்த்து அதனிடம் ஒரு இலக்கம்தான். பெயர் கிடைத்ததே தவிர, நிலைமை பழைய ‘ஊடாக’தான்.

அப்பு ரேடியோவை நம்பாதவர் அல்ல. கேட்டுவிட்டு, இரவு வாசலில் பாயைப் போட்டுப் படுத்துச் சரிபார்ப்பார். பனையில் காவோலை எந்தப் பக்கம் உரசுகிறது, தென்கடல் இரைகிறதா. தெற்கே இரைச்சல் கனத்தால், “நாளைக்கு ஒருத்தரும் துறைக்குப் போகவேண்டாம்.” அவ்வளவுதான் அறிவித்தல். கிலோமீற்றரும் இல்லை, அலையின் உயரமும் இல்லை. தீவில் இருக்கிறவனுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று: போட் ஓடுமோ, ஓடாதோ. ஓடாவிட்டால் மரக்கறி வராது, வாத்தியார் வரமாட்டார், பிள்ளைப்பேற்றுக்குப் போகவேண்டியவள் வீட்டிலேயே இருப்பாள்.

சோளகம் எப்போது எழும்பும் என்று அப்பு நாள்காட்டியில் பார்த்ததில்லை. சித்திரையில் கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். வைகாசி நடுவில் ஒரு நாள் பின்னேரம் வேலியில் காயப்போட்ட சேலை கிழக்குப் பக்கமாய் நீட்டி நிற்கும். ஆச்சி ஓடிவந்து எடுப்பாள். பிறகு புரட்டாதி வரை அது நிற்காது. ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, மறுபக்கம் எங்கள் மலைநாடு. இரண்டுக்கும் நடுவே நெருக்குப்பட்டு வருகிற காற்று மன்னார் பக்கம் வேகம் எடுக்கிறது. மன்னாரில் முப்பது காற்றாலைகளை நட்டதும் இதை நம்பித்தான். அக்கரையில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீற்றரைத் தாண்டினால் அதற்குச் சிக்னல் விழாது. அங்கே ரயில் நிற்கும், இங்கே போட் நிற்கும்.

குறிகட்டுவானில் ஏறினால் ஒரு மணித்தியாலப் பயணம். போகும்போது சோளகம் நேர்முகத்தில் அடிக்கும், வரும்போது முதுகைத் தள்ளும். பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல். அதனால் அலை குட்டை, ஆனால் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வரும். தென்பகுதிக் கடலில் ஒரு மீற்றர் அலை படகைத் தூக்கி மெல்ல இறக்கிவிடும். இங்கே அதே ஒரு மீற்றர், இறங்க முதல் அடுத்ததும் வந்து பலகையில் அறையும். அலை உயரத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிற அறிவித்தல்மேல் எனக்குப் பழைய மனக்குறை இது.

போட்டின் அடித்தட்டுக்குக் குனிந்து இறங்க வேண்டும். டீசல் மணம், கருவாட்டு மணம், யாரோ ஒரு அக்காவின் கையில் கசக்கிய தேசிக்காய் மணம். மேலே மோட்டார் சைக்கிள்களைக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு அறைக்கும் படங்கின் ஓட்டை வழியாக உப்புத்தண்ணி கழுத்தில் இறங்கும். நடுக்கடல்தான் மோசம். கரை கிட்ட வர, தீவே காற்றை மறைத்துவிடும். யாரோ கையைப் பிடித்து நிறுத்தியது போல ஆட்டம் நிற்கும். மாவிலித்துறையில் இறங்கும்போது கால் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்.

அப்புவுக்குப் புயல் என்றால் 64தான். தனுஷ்கோடி போன மார்கழிப் புயல். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அவருக்குக் காற்று. ஆனால் 1985 மே 15 எங்கள் தீவுக்கு ஓடிய குமுதினிப் படகில் சனத்தை வெட்டிக் கொன்ற பிறகு, அவர் ரேடியோ கேட்கிற விதமே மாறிப்போனது. வானிலை முடிந்தும் நிறுத்தமாட்டார். செய்தி முடியும்வரை காதை வைத்திருப்பார். கடல் ஓடக்கூடியதா என்ற கேள்விக்குக் காற்றிடம் மட்டும் பதில் இல்லை என்று ஆகிவிட்டது.

அப்பா போனதும் ஓர் ஆடியில். யாழ்ப்பாணத்தில் சாவு, தீவில் சுடலை. பெட்டியோடு குறிகட்டுவானுக்கு வந்தபோது பின்னேரம் மூன்று மணி. கடல் முழுக்க வெள்ளை. ஓட்டிகள் இரண்டு பேர் துறையின் நுனியில் நின்று பார்த்தார்கள். ஒருவர் என் பக்கம் திரும்பாமலே, “விடியப்புறம் காத்து விழும் தம்பி. பொறுங்கோ” என்றார். அன்று என் கைபேசியிலும் காற்றுப் படம் இருந்தது. எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. புங்குடுதீவில் தெரிந்தவர் வீட்டு விறாந்தையில் அப்பாவை வைத்துக்கொண்டு ஓர் இரவு. பெற்றோல்மாக்ஸைச் சுற்றிப் பூச்சி. அக்கரையில் அம்மா, ஆட்கள், பறைமேளம் எல்லாம் காத்திருந்தன. நாலரை மணிக்குக் காவோலைச் சத்தம் நின்றது. அந்த ஓட்டி வந்து வாசலில் செருமினார். ஐந்தே காலுக்குக் கடலில் இருந்தோம்.

சந்தையில் காத்தோட்டிக்காய் கிடைத்தது. அரைக் கிலோ. கிழவி ஒருத்தி நிறுத்துத் தந்துவிட்டு, “எந்த ஊர்?” என்றாள். நெடுந்தீவு என்றதும் இன்னொரு பிடி அள்ளிப் போட்டாள். பொலித்தீன் பையை இரண்டாகப் போட்டுக் கட்டினேன். நடுக்கடலில் உப்புத்தண்ணி படும்.

இரவு மறுபடியும் படம் பார்த்தேன். செவ்வாயின் இலக்கம் 33இலிருந்து 37 ஆகியிருந்தது. போட்காரருக்கு எடுத்தால், “காலமை வாங்கோ, பாப்பம்” என்கிறார். அம்மாவுக்கு எடுத்தேன்.

“தென்கடல் இரையுதோ?”

பதில் வரவில்லை. கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கைபேசியை வெளியே நீட்டிப் பிடித்திருக்கிறா. சரசரவென்று ஏதோ வந்தது, காவோலையோ லைன் கரகரப்போ. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

“கேட்டனியே?” என்றா அம்மா. “செவ்வாய் முதல் போட்டுக்கு ஏறு. பின்னேரம் எண்டு வைச்சுக்கொள்ளாதை.”