ஒரு முழம் லெவல் ட்யூப்

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போட்டிருக்கும் நண்பர் தம் பிக்கப் வண்டியை விற்கப்போவதாகச் சொன்னார். வாங்க வந்தவர் பழைய இரும்புக்காரர் என்று தெரிந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. 2006ஆம் வருட வண்டி. ஓடும்போது இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றும், வண்டி எடுக்காது. எப்படியோ ஒரு தடவை எடுத்துவிட்டால் அன்று முழுக்க ஓடும். மறுநாள் விடியலில் மறுபடி அதே பாடு.

மல்லிகைக்காரருக்கு விடியல் போனால் அன்றைய வருமானமே போச்சு. இருட்டில் பறித்த மொட்டு, விரியும் முன்பே மார்க்கெட்டில் இருக்க வேண்டும். முகூர்த்த நாளில் கிலோ ஆயிரங்களில் போகும் பூவை, நேரம் தவறிப் போனால் சென்ட் ஃபேக்டரிக்குக் கேட்கிற விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் டீசல் ஃபில்டர் மாற்றினார்கள். பேட்டரி புதிதாகப் போட்டார்கள். நாசில்களைக் கழற்றி சர்வீசுக்கு அனுப்பினார்கள். கடைசியில் பம்ப் போய்விட்டது என்று சொல்லி ஒரு தொகை கேட்டார்கள். அதைக் கேட்ட பிறகுதான் இரும்புக்காரர் வந்தார். மத்திய அரசு 2021 ஆகஸ்டில் பழைய வாகனக் கழிப்புக் கொள்கையைக் கொண்டுவந்தது. 2022 ஏப்ரலிலிருந்து பதினைந்து வருடம் தாண்டிய வண்டிகளுக்குப் பதிவுப் புதுப்பிப்பு, தகுதிச் சான்றுக் கட்டணங்கள் ஏறின. பழைய வண்டி வைத்திருப்பவர் மனத்தில் ஏற்கனவே பாதி விற்றாயிற்று. மீதிப் பாதியை ஒரு தவறான ஊகம் விற்க வைத்துவிடும்.

நண்பரின் மைத்துனர்தான் காந்திகிராமத்துப் பட்டறையைப் பற்றிச் சொன்னார். நானும் கூடப் போனேன்.

காந்திகிராமத்தை வெளியூர்க்காரர்கள் பல்கலைக்கழகத்தின் பெயரால் அறிவார்கள். சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கு இது சரக்குப் பாதை. சிறுமலையிலிருந்து இறங்கும் வாழைத்தார், சின்னாளபட்டிச் சேலை மூட்டை, அடிவாரத் தோட்டங்களின் திராட்சைக் கூடை எல்லாம் பிக்கப்பில்தான் போகின்றன. பட்டறை என்பது ஒரு தகரக் கூரை, ஒரு வேப்பமரம், டீசல் ஊறிக் கறுத்த தரை. பட்டறைக்காரருக்கு அறுபதை ஒட்டிய வயது. வண்டியை நாங்கள் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தோம். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. முதலில் கேள்விகள்.

"நைட்டு எங்க நிப்பாட்டுவீங்க தம்பி?"

"வீட்டு வாசல்லண்ணே."

"சமமா இருக்குமா, மூக்கு மேட்டப் பாத்து நிக்குமா?"

வாசல் மேடு, வண்டியின் முகம் மேட்டுப் பக்கம் என்றார் நண்பர். பிறகு அவருக்கே ஒன்று ஞாபகம் வந்தது. தோட்டத்துச் சரிவில் முகம் கீழே பார்க்க நிறுத்திய ஒரு நாள், மறுநாள் காலையில் ஒரே சுற்றில் எடுத்திருந்தது. இத்தனை நாளும் அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பட்டறைக்காரர் தலையை ஆட்டிவிட்டுச் சாவியைப் போடச் சொன்னார். பம்ப் பக்கம் காதை வைத்து, 'டிக்'கென்று ஒரு சத்தம் வருகிறதா என்று கேட்டார். வந்தது. டீசலைத் திறந்துவிடும் சொலினாய்டுக்கு கரண்ட் போகிறது என்று அர்த்தம். பிறகு செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் சைலன்சரைப் பார்த்தபடி நின்றார்.

"பொகையே இல்ல. டீசல் உள்ள போகல."

அந்த ஒரு பார்வையில் பாதி இன்ஜின் குற்றத்திலிருந்து விடுபட்டுவிட்டது. வெள்ளைப் புகை வந்திருந்தால் டீசல் போகிறது, எரியவில்லை என்று பொருள்; அப்போது ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன், டைமிங் என்று வேறு வழியில் தேட வேண்டும். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் வரும் காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நெருக்கும்போது அது ஐந்நூறு டிகிரியைத் தாண்டிச் சுடுகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். பீய்ச்சுவதற்கு நாசில் திறக்க வேண்டும். பழைய வகை நாசில் திறக்கவே காற்றழுத்தத்தைப் போல நூறு, இருநூறு மடங்கு அழுத்தம் வேண்டும். குழாயில் காற்று புகுந்துவிட்டால் பம்ப் எவ்வளவு தள்ளினாலும் காற்று அமுங்கிக்கொடுக்கும், நாசில் திறக்காது. டீசல் அப்படி அமுங்காது. செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், பேட்டரி இறங்கும், அவ்வளவுதான். நண்பர் புது பேட்டரி வாங்கிய கதை இதுதான்.

அவர் ஃபில்டர் தலையில் இருந்த ஸ்குருவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்தார். நுரை நுரையாக வந்து, பிறகு சுத்தமான டீசல் வழிந்தது. நாசில் நட்டுகளைத் தளர்த்தி ஒரு சுற்று, இறுக்கி ஒரு சுற்று. வண்டி எடுத்துவிட்டது. நாங்கள் மகிழ்ந்தோம். அவர் மகிழவில்லை.

"இது மருந்து சார். காச்சல் எதனாலன்னு இன்னும் பாக்கல."

அடுத்து ஒரு பிளாஸ்டிக் கேனில் டீசல் ஊற்றி பானெட் கம்பியில் தொங்கவிட்டு, டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, கேனிலிருந்து நேராகப் பம்புக்குக் கொடுத்தார். நிறுத்தி நிறுத்தி எடுத்தபோது ஒவ்வொரு முறையும் முதல் சுற்றிலேயே எடுத்தது. பம்ப் நல்ல பம்ப். பெருந்தொகை கேட்ட அந்தப் பம்ப்! கோளாறு டேங்குக்கும் பம்புக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. ஆனால் வண்டிக்கடியில் ஒரு சொட்டு டீசல் ஒழுகியிருக்கவில்லை. ஒழுகாத இடத்தில் ஓட்டை எப்படி இருக்கும் என்று கேட்டேன். "அது உறிஞ்சுற பக்கம் சார். டீசல் வெளிய வராது, காத்து உள்ள போகும். வண்டி நின்னதும் அந்தக் காத்து வழியா டீசல் பின்னால டேங்குக்கே எறங்கிரும். மூக்கு மேட்டுல இருந்தா சீக்கிரம் எறங்கும்."

இப்போதுதான் அவர் சுவரில் மாட்டியிருந்த அந்தச் சாமானை எடுத்தார். ஒரு முழ நீளம், கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் ட்யூப். இருபுறமும் கிளிப். அதை ஃபில்டருக்கு முன்னால் குழாயின் நடுவே இணைத்தார். வண்டி ஓட ஓட, கண்ணாடி போன்ற குழாயில் டீசலோடு சேர்ந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் வந்தன. பிறகு ட்யூபைக் கழற்றிப் பின்னால் கொண்டுபோய் டேங்கின் வாயருகே போட்டார். அங்கே ஒரு குமிழி இல்லை. மறுபடி நடுவில் போட்டார். குமிழி. இப்படி முன்னும் பின்னும் நகர்த்தி இரண்டு சாண் தூரத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். சேசிஸ் கம்பியில் ரப்பர் ஹோஸ் வளைந்து திரும்பும் இடத்தில், கிளிப்புக்கடியில், முடி போன்ற விரிசல். ரப்பர் சூட்டில் காய்ந்து விறைத்திருந்தது. விரலால் வளைத்தால்தான் வாய் திறந்தது.

இந்த ட்யூபை வண்டியிலேயே விட்டுவிடலாமே, எப்போதும் பார்க்கலாமே என்றார் நண்பர். கூடாதாம். டீசல் பட்டால் அது மஞ்சளாகி விறைத்துப்போகும், பிறகு அதுவே வெடிக்கும். சோதனைக்கு மட்டும்தான்; கொஞ்ச நாளுக்கொரு தரம் புது ட்யூப் வெட்டிக்கொள்வாராம். லாரிப் பட்டறையில் பையனாக இருந்தபோது மேஸ்திரி ஒருவர் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அந்த மேஸ்திரியிடம் டீ வாங்கி வருவதும் பேரிங் கழுவுவதுமே இரண்டு வருடம் வேலை. ஸ்பேனர் தொட விட்டதில்லை. ஆனால் வண்டி வந்ததும், அது நடந்த கதையை டிரைவரிடம் கேட்டு வந்து ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். ஒன்று விட்டுப்போனால் திரும்பப் போய்க் கேட்க வேண்டும். நண்பரிடம் வாசல் மேட்டைக் கேட்ட கேள்வி அங்கே கற்றது. பம்பின் உள்வேலை, டெஸ்ட் பெஞ்சில் டீசல் அளவு வைப்பது பற்றியும் நெடுநேரம் சொன்னார். அது எனக்குப் பிடிபடவில்லை.

ஹோஸ், நான்கு கிளிப், இரண்டு செப்பு வாஷர். பில்லில் எழுதியது இவ்வளவு. கூலி என்று ஒரு சிறு தொகை. நண்பர் அதுவரை மற்ற இடங்களில் கொடுத்திருந்ததோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. இதை நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரம் வந்தது. பேட்டரி விற்றவருக்கு லாபம். நாசில் அனுப்பியவருக்குக் கமிஷன். பம்பைக் கழற்றியிருந்தால் அங்கும் ஒரு பங்கு போயிருக்கும். சாமான் மாற்றுகிறவருக்கு ஒவ்வொரு தவறும் வருமானம். கோளாறை நேராகக் கண்டுபிடிப்பவருக்கோ, சாமானே தேவைப்படாததால் பில்லில் போட ஒன்றும் இல்லை. கண்டுபிடித்த வேலைக்கு நம் ஊரில் கூலி என்று ஒரு வரி கிடையாது. வண்டிக்காரர்களும் கொடுப்பதில்லை, "சும்மா பாத்ததுக்கு எதுக்கு காசு" என்பார்கள். பூ மார்க்கெட்டிலும் இதே நியாயம்தான் நடக்கிறது. விலையை இன்னொருவர் வைக்கிறார், கமிஷனை இன்னொருவர் எடுக்கிறார், பூ தாமதமானால் நட்டம் முழுக்கப் பறித்தவர் தலையில். நடுவில் நிற்பவர் யாரும் ஒரு நாள்கூட நட்டப்படுவதில்லை.

கண்டுபிடிப்பவருக்குக் கூலி இல்லை என்பது இந்த ஊரில் நடப்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. 1947இல் காந்திகிராமத்தைத் தொடங்கிய டாக்டர் சௌந்தரம், மதுரையில் பஸ் கம்பெனி நடத்திய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பட்டபோது கரி வாயுவில் வண்டி ஓட்டும் கருவியைச் செய்து கொடுத்த குடும்பம். சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் இங்கே நட்டது ஆதாரக் கல்வி. கையால் ஒரு தொழிலைச் செய்து அதன் வழியே அறிவைப் பெறும் கல்வி. 1956இல் கிராமியக் கல்வி நிறுவனம் வந்தது, 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அதன் வாசலுக்குச் சற்றுத் தொலைவில் அப்படிக் கற்ற ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஒரு மாணவர்கூட வந்து உட்கார்ந்ததில்லை. அவருக்குப் பயிற்சியாளர் என்று ஒரு சம்பளம், மாணவருக்கு ஒரு மதிப்பெண், இவ்வளவு போதும். செய்யலாம்.

நாங்கள் கிளம்பும்போது புது பிக்கப் ஒன்று வந்து நின்றது. அதற்கும் அதே புகார். கூட இருந்த பையன் பழக்கத்தில் ஸ்பேனரோடு நாசில் நட்டுக்குப் போனான். அவர் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். புது வண்டிகள் காமன் ரெயில் வகை; அவற்றின் குழாய்க்குள் காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் அழுத்தம் ஏறும். சுற்றும்போது நட்டைத் தளர்த்தினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், விரலையே எடுக்க வேண்டி வரும். இந்த வண்டிகளுக்குக் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். நல்ல ஸ்கேனர் விலை அவருக்குக் கட்டாது. சில கோளாறுகளைக் கம்பெனி ஸ்கேனர்தான் திறந்து காட்டும். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்து வாகனங்களையும் அதில் சேர்த்தது. அந்த வருடம் டிசம்பரில் இணையதளமும் திறந்தது. இந்தப் பட்டறைக்கு அதில் ஒரு தகவலும் வந்து சேரவில்லை.

அவர் திண்டுக்கல்லில் ஸ்கேனர் வைத்திருக்கும் ஒருவருக்கு போன் போட்டார். அந்த ஆள் வர மதியம் ஆகும் என்று தெரிந்ததும், வண்டிக்காரரிடம் திரும்பினார். "நைட்டு எங்க நிப்பாட்டுவீங்க?"