பொறுமை என்று நாம் பெயரிட்ட மௌனம்

நமது ஊர் பர்கூர். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். வெளியூரார் இதனை ஜவுளியால் அறிவர். நோன்பு மாதம் நெருங்கிவிட்டால் கடைத்தெருவில் கால் வைக்க இடமிராது. திருப்பத்தூரிலிருந்தும் குப்பத்திலிருந்தும் கர்நாடக எல்லை ஊர்களிலிருந்தும் மக்கள் குடும்பம் குடும்பமாக வருவார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே கடை வாசலில் நின்று பேரம் பேசும். 2020ஆம் ஆண்டு அந்தத் தெருவில் நாய் நடக்கும் ஓசை நமக்குக் கேட்டது. மார்ச் 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. பெருநாளுக்கென்று கடனுக்கு வாங்கி அடுக்கிய துணிக்கட்டுகள் பிரிக்கப்படாமலே கிடந்தன.

ஆயினும் நமக்கு ஒரு பெருமை இருந்தது. ஏப்ரல் மாத இறுதியில், தமிழகத்தில் கொரோனா தொற்று பதிவாகாத ஒரே மாவட்டம் நம் கிருஷ்ணகிரிதான். அரசு வெளியிட்ட பட்டியலில் தமிழகத்தின் ஒரே பச்சை மண்டலம் என்று இது குறிக்கப்பட்டது. தொலைபேசியில் விசாரித்த உறவினர்க்கெல்லாம் அதனைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தோம். நோய் வராத மாவட்டத்தில், நோயின் அச்சம் நம் வீட்டுக்குள்ளேயே குடியேறி, நம்மோடு ஒரே விரிப்பில் அமர்ந்து உண்டு வந்தது. அதை நாம் அறியாதிருந்தோம்.

நம் மருமகள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. பெங்களூர்ப் பெண். அவள் தாய்வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவு. பேருந்தேறினால் மூன்று மணி நேரத்தில் போய்ச் சேரலாம். தலைப்பிள்ளைப் பேற்றுக்கு ஏழாம் மாதத்தில் தாய்வீட்டார் வந்து அழைத்துச் செல்வதென்று இரு வீட்டாரும் பேசி வைத்திருந்தோம். ஆனால் ஓசூரை அடுத்த எல்லையில் சோதனைச் சாவடிகள் இறுகிவிட்டன. அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் தாய். இந்தப் பக்கம் மகள். அனுமதிச் சீட்டு, பரிசோதனை, தனிமைப்படுத்தல் என்று நாளுக்கொரு செய்தி வந்துகொண்டிருந்தது.

அந்த எல்லைத் தடையை நாம் குறை கூறவில்லை. ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், ஸர்க் என்னுமிடம் வரை சென்ற தம் பயணத்தை நிறுத்தி மதீனாவுக்குத் திரும்பிய வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நோயுள்ள ஊருக்குப் போவதும் அங்கிருந்து வெளியேறுவதும் தகாது என்ற போதனை நமக்குப் புதிதன்று. ஆகவே மருமகளிடமும் அதையே சொன்னோம்: “பொறுத்துக்கொள்ளம்மா. அல்லாஹ் வழி திறப்பான்.” அவள் தலையசைத்தாள்.

அதன்பின் அவள் பேச்சுக் குறைந்தது. கடையில்லாமல் வீட்டில் அடைந்து கிடந்த ஆண்கள் நாள் முழுதும் தொலைக்காட்சியில் சாவுக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாளில் இருபது முறை கை கழுவினாள். விரலிடுக்குகள் வெடித்துப் புண்ணாயின. இரவில் எழுந்து கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தாள். வயிற்றில் கை வைத்தபடி விடியும்வரை அமர்ந்திருப்பாள் என்பதைப் பின்னர் மகன் சொல்லித்தான் அறிந்தோம். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாளென்பதையும் பின்னரே அறிந்தோம். அன்று நம் கண்ணுக்குப் பட்டதெல்லாம் எதிர்த்துப் பேசாத, எதையும் கேட்காத, இட்ட வேலையைச் செய்கிற பெண். உறவினரிடம் வாய் நிறையப் புகழ்ந்தோம்: “தங்கமான பெண். என்ன பொறுமை, என்ன பொறுமை!”

நோன்பு வந்தது. “உனக்குச் சலுகை உண்டு; நீ நோன்பு வைக்க வேண்டாம்” என்று நம் மனைவியார் சொன்னார். அவள் சரியென்றாள். ஆனால் தட்டில் வைத்த சோறு அப்படியே இருந்தது. மசக்கை இன்னும் தீரவில்லை போலும் என்று நாம் முடிவு செய்துகொண்டோம்.

மே மாதத்தில் ஒரு நாள் கிராம சுகாதாரச் செவிலியர் வந்தார். முகத்தில் கவசம், கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. திண்ணையில் அமர்ந்து அளந்து எழுதிக்கொண்டபின், “தூக்கம் எப்படி இருக்கிறது?” என்று கேட்டார். “அதெல்லாம் நன்றாகத் தூங்குகிறாள்” என்றார் நம் மனைவியார். செவிலியர் தலை நிமிராமல், “நான் இந்தப் பெண்ணைக் கேட்டேன் அம்மா” என்றார். பிறகு மருமகளின் பக்கம் திரும்பி, மறுமொழிக்காகப் பேசாமல் காத்திருந்தார்.

அந்தக் காத்திருப்பு ஒரு நிமிடம் இருக்கும். அதன்பின் மருமகள் அழுத அழுகையை எழுத்தில் வடிக்க நம்மால் இயலாது. நம் வீட்டில் மூன்றாண்டு தமிழ் பேசிய பெண், தன் தாய்மொழியான உருதுவில் அழுதாள்.

அந்தச் செவிலியர் சொல்லித்தான் மனநல மருத்துவர் ஒருவரைத் தேடினோம். மருத்துவர்கள் தொலைவிலிருந்தே நோயாளியைப் பார்த்து மருந்தெழுதுவதற்கான நெறிமுறைகளை, ஊரடங்கு தொடங்கிய அதே மார்ச் 25ஆம் நாளில் அரசு வெளியிட்டிருந்தது. கைப்பேசியின் திரையில் மருத்துவரம்மா தோன்றினார். மருமகள் மாடிக்குச் சென்று தனித்துப் பேசினாள். பத்துக் கேள்விகள் கேட்டாராம். எடின்பரோவில் உருவாக்கப்பட்டு 1987இல் வெளியான வினாப்பட்டியல் அது. கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றி அஞ்சினாயா, உறக்கம் கெட்டதா என்ற வகையில் அமைந்தது. கடைசிக் கேள்வி, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. ‘சில வேளைகளில்’ என்று அவள் பதில் சொல்லியிருக்கிறாள். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

நம் வீட்டு மாடிப்படிகளும் வீட்டுக் கிணறும் நமக்கு அன்றிரவு வேறாகத் தெரிந்தன. பச்சை மண்டலம் என்று பெருமை பேசிய வாய் உலர்ந்துவிட்டது.

இது நம் வீட்டுக்கு மட்டும் வந்த விந்தையன்று என்பதைப் பின்னர் கற்றோம். உலகில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய 10 விழுக்காட்டினரும், பிள்ளை பெற்றவர்களில் 13 விழுக்காட்டினரும் மனநலக் குறைவுக்கு ஆளாகின்றனர், அதில் மிகுதி மனச்சோர்வே என்கிறது உலக சுகாதார நிறுவனம். வளரும் நாடுகளில் இது 15.6 விழுக்காடும் 19.8 விழுக்காடும் என்பது அதன் கணக்கு. கொள்ளைநோய் இல்லாத காலத்துக் கணக்கு இது. தாய்வீடு அடைபட்டு, வருமானம் நின்று, மருத்துவமனையே அச்சத்துக்குரிய இடமாகிவிட்ட காலத்தில் அந்தச் சுமை எவ்வளவு கூடியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். மறு ஆண்டின் இரண்டாம் அலையிலோ, ஏப்ரல், மே மாதங்களில் மற்றவர்கள் தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்கையில் கர்ப்பிணிகளுக்கு அது அனுமதிக்கப்படவில்லை. 2021 ஜூலை 2ஆம் நாள்தான் அனுமதி வந்தது. அந்த மாதங்களை வயிற்றுச் சுமையோடு கடந்த பெண்களின் இரவுகளை யார் எழுதி வைத்தார்கள்?

மருத்துவரம்மா குறைந்த அளவில் ஒரு மாத்திரை எழுதினார். நம் மகன் தயங்கினான். பிள்ளைக்கு ஆகுமோ என்றான். கர்ப்பத்தைக் கருதியே தேர்ந்த மருந்து இது, தாயின் சோர்வைக் கவனியாது விட்டால் குறைமாதப் பேறு, எடைக் குறைவு என்று பிள்ளையையும் அது தொடக்கூடும் என்று அவர் விளக்கினார். மருந்தைவிடக் கடினமான கட்டளைகள் நமக்கு வந்தன. தொலைக்காட்சியை அணைக்க வேண்டும். ஒவ்வோர் இரவும் குறித்த நேரத்தில் அவள் தாயோடு பேசவேண்டும், நாம் யாரும் அருகில் இருத்தலாகாது. இரவில் கதவைப் பார்ப்பது மகன் வேலை. அவளைத் தனித்து விடலாகாது. அதே வேளையில் காவல் காப்பதாகவும் காட்டிக்கொள்ளக் கூடாது. நம் மனைவியார் அவளருகே பாய் விரித்துப் படுத்தார். நாம் செய்த இழிவையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்: உறவினர் வந்தால் அந்த மாத்திரை அட்டையை அரிசிப் பானைக்குப் பின்னால் மறைத்தோம். சர்க்கரை மாத்திரையை நடுக்கூடத்தில் வைத்திருக்கும் வீடு நம் வீடு!

ஆகஸ்ட் முதல் வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. பேற்றுக்கு முன் தொற்றுப் பரிசோதனை. உடன் இருக்க ஒருவருக்கே அனுமதி. பெங்களூர்ப் பாட்டி பேத்தியைக் கைப்பேசியில் பார்த்து அழுதார். தடைகள் தளர்ந்தபின், செப்டம்பரில், நாற்பது முடிந்த வாரத்தில் அந்த அம்மையார் நம் வாசலில் வந்து இறங்கினார். மகளைக் கட்டிக்கொண்டு இருவரும் நின்ற நேரத்தில் நாம் உள்ளே போய்விட்டோம்.

அந்நாட்களில் நாம் ஒன்றைத் திரும்பத் திரும்ப எண்ணினோம். கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் தமக்கோ பிள்ளைக்கோ தீங்கு நேருமென்று அஞ்சினால் நோன்பை விடலாம் என்று நம் சட்ட அறிஞர்கள் எழுதி வைத்தார்கள். அஞ்சினால் என்ற சொல்லைக் கவனியுங்கள். இஸ்லாத்தின் கடமைகளுள் ஒன்றின் முன்னே ஒரு பெண்ணின் அச்சத்துக்கு அவர்கள் எடை கொடுத்தார்கள். நாமோ வயிற்றுக்குச் சலுகை கொடுத்துவிட்டு, அச்சத்தைக் கேளாதிருந்தோம். மர்யம் (அலை) அவர்கள் பேற்று வலியில் ஈச்சமரத்தடியில் தனித்திருந்து, இதற்கு முன்பே இறந்திருக்கலாகாதா என்று ஏங்கியதைத் திருமறை மறைக்கவில்லை. அவ்வேக்கத்துக்காக அவர்கள் கண்டிக்கப்படவும் இல்லை. கவலைப்படாதிருக்க ஆறுதலும், அருகிலேயே நீரும், கனியுமே அவர்களுக்குக் கிடைத்தன. ஆண்டுதோறும் ஓதிக் கேட்ட வரலாறு. நம் வீட்டு ஈச்சமரத்தடியில் இருந்தவளிடம் நாம் கொண்டு சென்றதோ, பொறுத்துக்கொள் என்ற ஒரு சொல்.

பொறுமை உயர்ந்த பண்புதான். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பொறுமை என்பது துன்பத்தை உணர்ந்தவர் தாமே மேற்கொள்வது; வாயடைத்துப் போனவருக்கு மற்றவர் சூட்டும் பட்டமன்று.

வாசகக் குடும்பத்தார்க்கு நாம் கூற விரும்புவன சிலவே. உங்கள் வீட்டில் ஒரு பெண் கருவுற்றிருந்தால், அவள் எப்படி இருக்கிறாள் என்பதை அவளிடமே கேளுங்கள். மறுமொழி வரும்வரை காத்திருங்கள். உறக்கமின்மையும் உணவு மறுப்பும் இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள். தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தென்பட்டால் ஒரு நாளும் தாமதியாதீர்கள். 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் நாடெங்கும் கட்டணமின்றி மனநல ஆலோசனை கிடைக்கிறது. நம் எல்லைக்கு அப்பால் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில், தாயையும் சேயையும் ஒன்றாகவே வைத்துப் பார்க்கும் தனிப் பிரிவு 2009 முதல் இருக்கிறது. மனநல மருத்துவமனையில் சேர்ந்தால் பிள்ளையைப் பறித்துவிடுவார்கள் என்று அஞ்ச வேண்டாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைத் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டமே கூறுகிறது.

பேத்தி இப்போது பள்ளிக்குச் செல்கிறாள். கடைத்தெரு பழையபடி நெரிசலாகிவிட்டது. பள்ளி விடுமுறைக்குப் பெங்களூர் பேருந்தேறும்போதெல்லாம் அத்திப்பள்ளி வந்ததும் மருமகள் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள் என்று மகன் சொல்வான். ஏனென்று நாம் கேட்டோம், அவள் சொன்னாள். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. கேட்டோம், சொன்னாள் என்பதே நமக்குப் போதும். நம் இல்லங்களில் இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும் குறைவின்றி நிலவ அல்லாஹ் அருள்வானாக.