பதினாறு கட்டம்

2012-ல் சென்னையில் தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் போகும். நினைவிருக்கும். எங்கள் தெருவுக்கு அந்த மாதம் பன்னிரண்டிலிருந்து இரண்டு. டாண் என்று ஃபேன் நிற்கும். அதை வைத்து வாட்ச்சைத் திருத்திக்கொள்ளலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு எதிர்வீட்டுப் பையன் ஒரு மெஷினில் ஃப்ளாப்பியைச் செருகி, அவசரமாக ஒரு பட்டனை அமுக்கினான். அமுக்கியது தப்பான பட்டன் என்பது தெரிய நாலு மாதம் ஆனது.

பையனின் அப்பா டோலக் வாசிப்பவர். மெல்லிசைக் குழுக்களில் முப்பது வருஷம். தெருவில் எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'தான். ஒரு காலத்தில் மேடையில் தபேலா, டோலக், காங்கோ, பேங்கோஸ் என்று வரிசையாக ஆள் உட்கார்ந்திருப்பார்கள். ரிதம் பேட் வந்தது. நாலு பேர் உட்கார்ந்த இடத்தில் ஒருத்தர் ரெண்டு குச்சியோடு நின்றுகொண்டார். பேமென்ட்டும் ஒருத்தருக்குத்தான். மாஸ்டர் வீட்டில் சும்மா இருக்கும் நாட்கள் அதிகமாயின. அந்த நேரம் பார்த்து மகன் எதிரிக் கட்சியில் சேர்ந்தான். எங்கிருந்தோ ஒரு செகண்ட் ஹேண்ட் அகாய் எம்.பி.சி. 2000 எக்ஸ்.எல் வாங்கி வந்தான்.

பார்க்க பழைய கடை பில்லிங் மெஷின் மாதிரி இருக்கும். வலது பக்கம் நாலுக்கு நாலு, பதினாறு ரப்பர் கட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம் கொடுத்துவிட்டு விரலால் தட்டினால், தட்டும் வேகத்துக்கு ஏற்ப சத்தம் வரும்.

"அப்பா கையை இதுக்குள்ள வெச்சுடப் போறேன் சார்" என்றான். மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை மைக் முன்னால் உட்கார்ந்தார். பதினாலு விதமான அடி. ஒவ்வொன்றும் அரை செகண்ட்தான். அதைப் பதினாலு கட்டத்தில் ஏற்றி, "இப்ப விரலால வாசிங்கப்பா" என்று மெஷினை அவர் பக்கம் நகர்த்தினான்.

வாசித்தார். மெஷின் திருப்பிச் சொன்னது. மாஸ்டர் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது: "யாருடா இது வாசிக்கிறது? கவர்மென்ட் ஆபீஸரா?"

காரணம், டைமிங் கரெக்ட் என்று அதில் ஒரு வசதி உண்டு. முன்னே பின்னே விழுகிற அடியை எல்லாம் இழுத்து வந்து சரியான கோட்டில் நிறுத்திவிடும். பையன் அதை ஆஃப் செய்தான். மறுபடி வாசித்தார். இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. மேற்கொண்டு ஒரு மணி நேரம் வாசித்துத் தள்ளினார். அப்புறம்தான் அந்தப் பதினொன்று ஐம்பத்தெட்டு.

மாஸ்டருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போய்விட்டது. பேச்சு குழறியது. ஆஸ்பத்திரி, பிசியோதெரபி என்று நாட்கள் ஓடியபின் ஒரு நாள் பையன் அந்த ஃப்ளாப்பியைத் தேடி எடுத்துப் போட்டிருக்கிறான். லோட் ஆனது. ப்ளே அமுக்கினால் திரையில் எண்கள் ஓடின. சத்தம்? பொட்டுக்கூட இல்லை.

இரவு பத்து மணிக்கு மேனுவலோடு என் வீட்டு வாசலில் நின்றான். "நீங்க இங்கிலீஷ் புக்கெல்லாம் படிப்பீங்களே சார். சத்தம் எங்க போச்சுன்னு பாத்துச் சொல்லுங்க."

எனக்கு சங்கீதம் தெரியாது. நான் பி.காம். ஆனால் இருபது பக்கம் படித்ததுமே, இது சங்கீத மெஷினே இல்லை, கணக்கு மெஷின் என்று புரிந்துவிட்டது.

ஒரு மளிகை மொத்த வியாபாரியை நினைத்துக்கொள்ளுங்கள். சரக்கு குடோனில் இருக்கிறது. சாம்பிள் என்பது அந்தச் சரக்கு, அதாவது மைக்கில் பதிவான நிஜமான சத்தம். எந்த ரேக்கில் எந்தச் சரக்கு என்று ஒரு பட்டியல் இருக்கும் இல்லையா? அதற்கு இங்கே ப்ரோகிராம் என்று பெயர். ஒன்றாம் கட்டத்தில் இந்த அடி, இரண்டாம் கட்டத்தில் அந்த அடி. மூன்றாவதாக டே புக். இத்தனை மணிக்கு இந்த ரேக்கிலிருந்து இவ்வளவு போயிற்று என்று எழுதுவோமே, அது. மெஷினில் அதுதான் சீக்வென்ஸ். எந்தக் கட்டம், எந்த நேரம், எவ்வளவு அழுத்தம், எத்தனை நீளம். அவ்வளவுதான் எழுதியிருக்கும். பல ட்ராக் சேர்ந்தால் ஒரு சீக்வென்ஸ், பல சீக்வென்ஸைக் கோத்தால் ஒரு பாட்டு.

டே புக்குக்குள் அரிசி இருக்காது. சீக்வென்ஸுக்குள் சத்தம் இருக்காது. எனக்கு மூச்சு நின்றது இங்கேதான்.

சேமிக்கும் பக்கத்தில் இரண்டு தனித்தனி வழிகள். ஒன்று எல்லா சீக்வென்ஸையும் பாட்டையும் காப்பாற்றும். அந்த ஃபைலின் வால் 'ஆல்' என்று முடியும். இன்னொன்று எல்லா ப்ரோகிராமையும் சத்தத்தையும் காப்பாற்றும். கரண்ட் போனால் மெமரியில் இருப்பது காலி, ஆகவே இரண்டையும் செய்யவேண்டும். மெஷின் மேல் குற்றமில்லை, தெளிவாகத்தான் எழுதியிருக்கிறது. கடைசி நிமிட அவசரத்தில் பையன் 'ஆல்' என்ற ஒரு வார்த்தையை மட்டும் படித்திருக்கிறான். டே புக்கைப் பத்திரமாக எடுத்துவிட்டு குடோனை விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

பாழாய்ப்போன பி.காம் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு செகண்டை 44,100 துண்டாக நறுக்கி, துண்டுக்கு இரண்டு பைட்: ஒரு செகண்டுக்கு 88,200. பதினாலு அடிக்கு ஏழு செகண்ட்: 6,17,400 பைட். ஃப்ளாப்பி 1.44 எம்.பி. பாதிகூட நிறைந்திருக்காது. இடம் இருந்தது. பட்டன்தான் வேறு.

பையனிடம் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்துவிட்டான். "அப்ப அப்பா போயிட்டாரா சார்?" என்றான், அவர் எதிர்வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே.

அவனை அனுப்பிவிட்டு மேலே படித்தேன். இந்த வகையில் முதல் மெஷின் எம்.பி.சி. 60. 1988-ல் வந்தது. வடிவமைத்தவர் ரோஜர் லின் என்ற அமெரிக்கர். 1980-லேயே நிஜ டிரம்ஸ் சத்தத்தைச் சிப்பில் அடைத்து ஒரு ரிதம் மெஷின் செய்த ஆள். ஒரு தாளத்தட்டை 96 பொடியாக உடைத்து வைத்தார். 'ஸ்விங்' என்று ஒரு எண்ணையும் கொடுத்தார். 50 சதவீதம் என்றால் இரண்டு அடிக்கும் சமமான இடைவெளி, ராணுவ நடை. 66 என்றால் முதலடி இரண்டு பங்கு, அடுத்தது ஒரு பங்கு. நடுவில் 54, 58 என்று வைத்தால் லேசாகச் சாய்ந்து நடக்கும். டெட்ராய்ட்டில் ஜே டில்லா என்றொருவர் எம்.பி.சி. 3000-ல் இதற்கும் மேலே போனார். சில அடிகளைக் கொஞ்சம் முந்தவும் சிலதைப் பிந்தவும் வைத்து, மெஷினைத் தள்ளாட விட்டார். 2006-ல், முப்பத்திரண்டு வயது முடிந்த மூன்றாம் நாள் இறந்துபோனார். அவருடைய மெஷின் இன்று வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று மியூசியத்தில் இருக்கிறது.

சத்தத்தை அல்ல, சாய்வைத்தான் ஆளின் அடையாளம் என்கிறார்களோ என்று ஒரு பொறி தட்டியது. மறுநாள் காலையில் எதிர்வீட்டுக்குப் போனேன்.

ஸ்டெப் எடிட் என்று ஒரு பக்கம். டே புக்கை வரி வரியாகக் காட்டும். ஆவர்த்தனம், தட்டு, பொடி. டைமிங் கரெக்ட் ஆஃபில் இருந்ததால் மாஸ்டர் தட்டியது தட்டியபடியே இருந்தது. 24-ல் விழவேண்டிய ஓர் அடி 29-ல் இருக்கிறது. அடுத்த சுற்றிலும் 29. அதற்கடுத்து 28. நிமிடத்துக்கு நூறு தட்டு வேகத்தில் ஒரு பொடி என்பது சுமார் ஆறு மில்லி செகண்ட். முப்பது மில்லி செகண்ட் தாமதம், சுற்றுக்குச் சுற்று, அதே இடத்தில். தப்பு என்றால் இப்படி வரிசை மாறாமல் வருமா? ஆடிட்டராக இருந்தால் கையெழுத்தே போட்டிருப்பேன்.

"வேற டோலக் சத்தம் இருக்கா?"

"சீடில வாங்கினது இருக்கு சார். யாரோ வடக்கத்தி ஆளு வாசிச்சது."

அதை ஏற்றினால் போதும் என்றால், இல்லை. எந்தக் கட்டத்தில் எந்த அடி இருந்தது என்ற ரேக் பட்டியலும் போய்விட்டதே. டே புக்கில் 'ஐந்தாம் ரேக்' என்றுதான் இருக்கிறது, அதில் பருப்பா புளியா தெரியாது. சொல்லக்கூடிய ஒரே ஆள் கட்டிலில் கிடந்தார்.

நான் ஒரு சுற்றின் கட்ட எண்களை வரிசையாகப் படித்தேன். ஒன்று, ஐந்து, ஐந்து, மூன்று... மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். இடது கை விரல் போர்வைமேல் அசைந்தது. பிறகு குழறலாகச் சொற்கட்டு வந்தது. பையனுக்கு மட்டும் புரிந்தது. "அஞ்சு வந்து 'தி'யாம் சார். மூணு, இடது கையில இழுக்கிறது." நாக்கு ஒத்துழைக்கவில்லை. ஒரு அடிக்குப் பத்து நிமிடம் ஆனது. ரெண்டு நாள் பிடித்தது, பதினாலு கட்டத்துக்கும்.

மூன்றாம் நாள் ப்ளே அமுக்கினான்.

சத்தம் அந்நியம்தான். ஆனால் அந்த ஐந்தாம் கட்டம், சரியாகத் தாமதமாக, பந்தியில் கடைசியாக உட்காருகிற பெரிய மனுஷன் மாதிரி வந்து விழுந்தது. எனக்கு முன்பே மாஸ்டரின் சம்சாரத்துக்குத் தெரிந்துவிட்டது. அடுப்படியிலிருந்து கரண்டியோடு வாசல்படிக்கு வந்து நின்றார். இரண்டாவது சுற்று போனது. மூன்றாவது போனது. மாஸ்டர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"கை என்னுது" என்றார். எனக்கே புரிந்தது. "தோல் யாருதுடா?"

"தெரியலப்பா. சீடில வந்தது."

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எறங்கிக் கெடக்கு. ஏத்து."

பையன் ட்யூன் பக்கத்துக்குப் போய் வீலைத் திருப்பினான். இன்னும் கொஞ்சம், என்று இடது கை காட்டியது. இன்னும் கொஞ்சம். பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. "மொதல்ல சேவ் பண்ணுடா" என்றேன். இரண்டையும் பண்ணினான்.