கடலோரம் ஒரு பாதை

பிழைப்பைத் தேடி நம் ஜனங்கள் குடியேறிய பட்டணங்களில் போர்ட் பிளேரும் ஒன்று. 2024 செப்டம்பர் முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம். மேடும் பள்ளமுமான ஊர் அது. அபர்தீன் பஜாரைச் சுற்றியுள்ள தெருக்களில் சற்று நடந்தாலே ஏற்றமோ இறக்கமோ எதிர்ப்படும்.

கடலோரம் மாத்திரம் பெரும்பாலும் சமதளமாயிருக்கிறது. கோடையில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது விடிந்துவிடும். அவ்வேளையில் மெரினா பூங்காவில் நடப்போருக்கு எதிரே, 2018இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயரிடப்பட்ட ராஸ் தீவு தெரிகிறது. ஆனால் பூங்காவுக்கு வெளியே, கார்பின்ஸ் கோவ் நோக்கிச் செல்லும் சாலையில், நடப்பவரும் சைக்கிள் மிதிப்பவரும் வாகனங்களுக்கு ஒதுங்கிச் செல்லவேண்டியிருக்கிறது.

சைக்கிளுக்குப் பேர்பெற்ற தீவுகள் இவை. 2004 சுனாமியில் மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர்தப்பிய சிறுமி டெபோரா ஹெரால்டு, பின்னாளில் தேசத்தின் முன்னணி சைக்கிள் வீராங்கனையானார். ஈசோ ஆல்பென் 2018இல் உலக ஜூனியர் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். வீரருக்குப் பந்தயத்தடம் உண்டு. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கும் வேலைக்குப் போகும் தகப்பனுக்கும் அச்சமற்ற பாதை வேண்டாமோ?

2016இல் இந்நகரம் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் தெரிவு செய்யப்பட்டது. அத்திட்டம் 2025 மார்ச்சில் முடிவுற்றது. திட்டங்கள் முடிந்தாலும் தேவை முடிவதில்லை. நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலம் வேண்டும், விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது என்று இந்தியச் சாலைப் பேரவை 2012இல் வரையறுத்தது. சைக்கிளுக்குத் தனித்தடம் அவசியம். இடம் போதாத இடத்தில் நடப்பவருக்கே முதலுரிமை. ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊராதலால், வழுக்காத தளமும் நீர் வடிய வாய்க்காலும் வேண்டும். உப்புக்காற்றில் இரும்புக் கைப்பிடி சீக்கிரம் துருவேறும். எனவே பராமரிப்புக்கும் பணம் ஒதுக்கவேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்குப் படியில்லாத சரிவு அவசியம்.

நல்ல பாதைக்குக் கட்டணச்சீட்டு இல்லை. வாடகை வீட்டில் குடியிருப்பவரும் வங்களாவில் வசிப்பவரும் அதில் ஒன்றாய் நடப்பர். அன்பானவர்களே, நீங்கள் வாழும் பட்டணம் எதுவாயினும், உங்கள் தெருவில் முதியோர் ஒருவர் தடுக்காமல் நடக்கக் கூடுமா என்று பாருங்கள். கூடாவிடில் நகராட்சிக்கு எழுதுங்கள். குடியேறி வந்தவருக்கும் அந்த உரிமை உண்டு.