பாதை பிரியும் இடத்தில்

பம்பலப்பிட்டியில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. ஒழுங்கையின் முடிவில் புகையிரதப் பாதை, அதற்கப்பால் கடல். அலையின் இரைச்சலும் வண்டியின் இரைச்சலும் கலந்து வரும் ஓசையைக் கேட்டே நானும் என் அண்ணையும் வளர்ந்தோம். ஆயினும் சிறுவயதில் எங்கள் உள்ளத்தைக் கவர்ந்தது வீட்டருகே ஓடிய புகையிரதமன்று. எங்கள் பகுதிக்கு ஒருநாளும் வராத டிராம் வண்டியே. கிட்டாத பொருளின்மீது ஆசை மிகுவது பிள்ளைகளின் இயல்பன்றோ?

கொழும்பு நகரில் 1899ஆம் ஆண்டில் மின்சார டிராம் வண்டி ஓடத் தொடங்கிற்று. அதனை அமைத்தவர்கள் போஸ்டட் சகோதரர்கள் என்னும் வணிக நிறுவனத்தார். கோட்டையிலிருந்து ஒரு பாதை கிராண்ட்பாசுக்கும், மற்றொரு பாதை மருதானை வழியாகப் பொறளைக்கும் சென்றன. 1944ஆம் ஆண்டில் மாநகர சபை அச்சேவையைத் தானே பொறுப்பேற்றது. பள்ளி விடுமுறை நாட்களில் அப்பா எங்கள் இருவரையும் பம்பலப்பிட்டியிலிருந்து புகையிரதத்தில் கோட்டைக்கு அழைத்துச் செல்வார். அங்கே டிராமில் ஏறிப் பொறளைவரை சென்று, இறங்காமலே திரும்பி வருவோம். போகவேண்டிய அலுவல் ஒன்றும் இல்லை, போவதே அலுவல்.

அந்தப் பயணத்தில் அண்ணை எப்போதும் சாரதிக்குப் பின்னாலேயே நிற்பார். சாரதி நின்றபடியே வண்டியைச் செலுத்துவார். அவருடைய ஒரு கை கைப்பிடியில் இருக்கும். கால் மணியை மிதித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள், பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் வண்டி நின்றது. ஒருவர் இறங்கிப்போய் இரும்புக் கோலொன்றைத் தண்டவாளத்தின் இடுக்கில் நுழைத்து நெம்பினார். வீதியோடு வீதியாகக் கிடந்த இரும்பு நாக்கு ஒன்று 'டக்' என்று மறுபுறம் சாய்ந்தது. அவர் ஏறிக்கொண்டதும் வண்டி புறப்பட்டது. அதைக் கண்ட அண்ணை அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"அப்பா, போற பாதையைச் சாரதி மனதிலை நினைச்சால் போதாதோ? தண்டவாளத்துக்குத் தெரியாதோ?"

அப்பா சிரித்தார். "இரும்புக்குச் சொன்னாலும் கேளாது. நெம்பினால்தான் கேட்கும்" என்றார்.

1960ஆம் ஆண்டு ஆனி மாதம் 30ஆம் திகதி கொழும்பில் டிராம் சேவை நிறுத்தப்பட்டது. அப்போது எனக்கு வயது 12; அண்ணைக்கு 16. சென்னையில் 1895இல் தொடங்கிய டிராம் 1953லேயே நின்றுவிட்டதென்று அப்பா எங்களுக்கு ஆறுதல் கூறினார். பிறர்க்கும் நேர்ந்த துன்பம் என்பது ஓர் ஆறுதல்தான். காலம் செல்ல, நாங்களும் அதை மறந்துபோனோம்.

இனி நான் சொல்லப் புகுவது வேறொரு செய்தி. அது டிராமோடு எவ்வாறு சேருமென்பதைப் பின்னர்க் கூறுவேன்.

1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின்போது நாங்களும் பிறரைப்போலச் சில வாரங்கள் அகதி முகாமில் இருந்தோம். அப்பா அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். அடுத்த ஆண்டு அண்ணை குடும்பத்தோடு கனடாவுக்குச் சென்று ரொறன்ரோ நகரில் குடியேறினார். நான் அம்மாவோடு பம்பலப்பிட்டி வீட்டுக்குத் திரும்பி, ஆசிரியத் தொழிலைத் தொடர்ந்தேன். 1986ஆம் ஆண்டில் அண்ணையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அம்மாவையும் என்னையும் அழைப்பதற்கான பத்திரங்களை இணைத்து, "இவற்றை நிரப்பி அனுப்பு, மற்றவற்றை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தார்.

அக்கடிதத்தைப் படித்து, மடித்து, அலுமாரியில் பஞ்சாங்கத்தின் கீழே வைத்தேன். போகக்கூடாது என்று நான் தீர்மானித்தேனா என்றால், இல்லை. போகவேண்டும் என்று தீர்மானித்தேனா என்றால், அதுவும் இல்லை. மாணவர்களின் பரீட்சை முடியட்டும் என்று எண்ணினேன். பிறகு நாட்டு நிலைமை தெளியட்டும் என்று எண்ணினேன். கதிரேசன் கோயிலுக்குப் போய்வரும் வெள்ளிக்கிழமைகளில் அம்மா என்னிடம் கேட்பார்: "கொண்ணைக்குப் பதில் போட்டியே?"

"போடுறன் அம்மா" என்பேன். அந்த வெள்ளிக்கிழமைகள் பல ஆண்டுகளாயின. 1991ஆம் ஆண்டு அம்மா காலமானார். மூத்த மகனின் முகத்தை அவர் பின்னர் ஒருமுறையும் காணவில்லை. பதில் எழுதாமல் விட்டேனேயன்றி, மறுத்து எழுதவில்லையே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அண்ணைக்கும் எனக்கும் இடையே சண்டை ஒன்றும் இல்லை. சித்திரை வருடப்பிறப்புக்கும் தீபாவளிக்கும் தொலைபேசியில் நலம் விசாரிப்போம். ஆனால் அந்தக் கடிதத்தைப்பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

2011ஆம் ஆண்டு தை மாதத்தில் நான் முதன்முறையாக ரொறன்ரோ சென்றேன். அங்கே இன்றும் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் நீளப் பாதையில் வீதித் தண்டவாள வண்டிகள் ஓடுகின்றன. நான் சென்ற காலத்தில் அவற்றின் கூரைமீது, நம் ஊர் டிராமைப் போலவே, கம்பியைத் தொடும் நீண்ட கோல் இருந்தது. அண்ணை தடித்த அங்கியை எனக்கு உடுத்தி, சிறுபிள்ளையைக் கூட்டிச் செல்வதுபோல் கையைப் பிடித்து, கிங் வீதியில் வண்டி ஏற்றினார். ஏறியதும் எங்கே போய் நின்றார் தெரியுமா? சாரதிக்குப் பின்னால்.

ஸ்பதைனா வீதியைச் சந்திக்கும் இடத்தில், எத்திசையிலிருந்து வரும் வண்டியும் நேராகவோ இடமாகவோ வலமாகவோ செல்லத்தக்கவாறு தண்டவாளங்கள் கோலம் போட்டதுபோல் பின்னிக் கிடக்கின்றன. வண்டி அங்கே நின்றது. சாரதி குனிந்து நாக்கைப் பார்த்தார். அதில் பனி இறுகியிருந்தது போலும். இரும்புக் கோலோடு இறங்கி நெம்பிவிட்டு ஏறினார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கோட்டையில் கேட்ட அதே 'டக்' என்ற ஓசை!

"தம்பி, பனி இல்லாட்டில் சாரதி இறங்கத் தேவையில்லை. அப்பாவிட்டை நான் கேட்ட கேள்விக்கு இஞ்சைதான் பதில் கிடைச்சுது" என்றார் அண்ணை. தாம் அந்நாட்டுக்கு வந்த புதிதில் தொழிற்சாலைக்குப் போகும்போது நாள்தோறும் கண்டறிந்த விந்தையை விளக்கலானார். வாசகர்களுக்கும், குறிப்பாக மாணவர்களுக்கும், அதனை என் சொற்களில் கூறுகிறேன்.

கம்பியிலிருந்து கோல் வழியாக மோட்டாருக்கு இறங்கும் மின்சாரம், சக்கரங்களின் வழியே தண்டவாளத்தை அடைந்து திரும்பிச் செல்கிறது. பாதை பிரியும் இடத்துக்குச் சற்று முன்னர், மேலேயுள்ள கம்பியில் ஒரு தொடுகருவியைப் பொருத்துவார்கள். கோலின் நுனி அதைத் தொட்டுச் செல்லும் அந்தச் சிறு இடத்தில், வண்டி பெறும் மின்சாரம் ஒரு கம்பிச் சுருளின் ஊடாகவே வரவேண்டும். சாரதி கைப்பிடியைத் திருப்பி, மோட்டாருக்கு விசை கொடுத்தவாறே அதன்கீழ்ச் சென்றால், அச்சுருளில் பெரிய மின்னோட்டம் பாய்கிறது. உடனே வீதியின் அடியில் புதைத்துள்ள பெட்டியில் மின்காந்தம் ஒன்று வலுப்பெற்று, இரும்புத் தண்டை இழுத்து, தண்டவாளத்தின் நாக்கை ஒருபுறம் திருப்புகிறது. சாரதி விசையை நிறுத்தி வண்டியை உருளவிட்டுச் சென்றாலோ, பாய்வது மிகச் சிறிய மின்னோட்டமே. அப்போது மற்றொரு மின்காந்தம் வேலை செய்து, நாக்கை மறுபுறம் திருப்புகிறது. பெரும்பாலும் விசை கொடுத்தால் வளைவு, கொடாவிட்டால் நேர்வழி. நாக்கு ஏற்கனவே வேண்டிய பக்கத்தில் இருந்தால் அது அசையாமல் இருந்துவிடும்.

இந்த ஏற்பாடு நேற்றுத் தோன்றியதன்று. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அமெரிக்காவின் லூயிவில் நகரில் சீத்தம் என்னும் பெயர்கொண்ட நிறுவனம் இத்தகைய கருவிகளைச் செய்து விற்றது. பல நகரங்களில் கோல்பிடித்து நெம்பும் வேலையாட்களின் தேவையை அது குறைத்தது. ஆனால் இதற்கும் சில நியதிகள் உண்டு. தொடுகருவியைக் கடந்தபின் சாரதி கைப்பிடியை எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை. கடக்கும் அந்தக் கணத்தில் செய்ததே கணக்கு. முன்வண்டி முற்றாகக் கடக்குமுன் பின்வண்டி நெருங்கி வந்து தொடுகருவியைத் தொட்டால், நடுவில் நாக்கு திரும்பிவிடவும் கூடும். அவ்வாறாயின் வண்டியின் முன்சக்கரங்கள் ஒரு பாதையிலும் பின்சக்கரங்கள் மறுபாதையிலும் சென்று, வண்டி வீதியின் குறுக்கே நின்றுவிடும். ஆகவேதான் மின்சாரம் திருப்பினாலும், சாரதி நாக்கைக் கண்ணால் பார்த்து, மெதுவாகக் கடக்கவேண்டும்.

கருவி ஓரிடத்தில் நிலையாக இருப்பதால் வேறொரு தொல்லையும் உண்டு. ரொறன்ரோவில் 1980களின் பிற்பகுதியில், நடுவில் இணைப்புள்ள நீண்ட வண்டிகள் வந்தன. அவற்றின் கோல் முன்சக்கரங்களுக்கு வெகுதூரம் பின்னால் இருந்தது. கோல் போய்த் தொடுகருவியைத் தொடுவதற்குள் முன்சக்கரங்கள் நாக்கை அடைந்துவிடும். ஆகவே பழைய முறையைக் கைவிட்டு, வீதியின் அடியில் கம்பி வளையம் பதித்து, வண்டியிலுள்ள பொத்தானால் கட்டளையிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். அந்தக் கோல் வண்டிகள் 2019இல் ஓய்வுபெற்றுவிட்டன. இன்று ஏறத்தாழ 30 மீற்றர் நீளமுள்ள வண்டிகள் ஓடுகின்றன. எனினும் இரும்புக் கோல் முற்றாக மறைந்துவிடவில்லை.

அண்ணை தம் விளக்கத்தை இவ்வாறு முடித்தார்: "விசை குடுத்தால் ஒரு பாதை, குடுக்காட்டில் மற்றப் பாதை. சாரதி ஒண்டும் செய்யாமல் போறதெண்டு இல்லைத் தம்பி. சும்மா போனாலும் அது ஒரு கட்டளைதான்."

அவர் என்னைக் குறித்துச் சொல்லவில்லை. இயந்திரத்தைக் குறித்தே சொன்னார். ஆனால் பஞ்சாங்கத்தின் கீழே இருந்த கடிதம் என் கண்முன் வந்து நின்றது. மறுத்து எழுதவில்லை என்று இருபத்தைந்து ஆண்டுகளாக என்னைத் தேற்றிய நியாயம் அந்த ஒரு சொல்லில் கரைந்துபோயிற்று. நான் விசை கொடுக்காமல் உருளவிட்ட வண்டியில் அம்மாவும் இருந்தாரே! அவருடைய மனத்தில் பாதி ரொறன்ரோவுக்கும் பாதி பம்பலப்பிட்டிக்குமாகக் குறுக்கே நின்றதை நான் காணவில்லையே!

வண்டியின் இரைச்சலுக்கிடையே, "அண்ணை, அந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதேல்லை" என்றேன்.

எந்தக் கடிதம் என்று அவர் கேட்கவில்லை. சற்று நேரம் வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இரண்டு வருஷம் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தன். பிறகு, கடிதம் வராததையே உன்ரை கடிதமெண்டு எடுத்துக்கொண்டன்" என்றார். இன்னும் சற்றுப் பொறுத்து, "நானும் திரும்ப ஒருக்கால் கேட்டு எழுதியிருக்கலாம். எழுதேல்லை. அதுவும் பதில்தானே" என்றார். அதற்குமேல் நாங்கள் பேசவில்லை. பாதையின் முடிவுவரை சென்று, இறங்காமலே திரும்பி வந்தோம்.

நான் ஊர் திரும்பிய சில மாதங்களில் அண்ணையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அம்மாவின் திவசத்துக்கு ஒருமுறையாவது தாம் வந்து நிற்கவேண்டும் என்றும், வரலாமா என்றும் கேட்டிருந்தார். சொந்த வீட்டுக்கு வருவதற்கு அவர் என்னிடம் அனுமதி கேட்டது எனக்குச் சுட்டது. கடிதத்தை மடிக்காமல் மேசைமீது விரித்து வைத்து, அப்போதே பதில் எழுதினேன். அன்று பிற்பகலே காலி வீதிக்குப் போய்த் தபாலில் சேர்த்தேன். அவர் வந்தார். திவசம் முடிந்த மறுநாள் இருவரும் புகையிரதத்தில் கோட்டைக்குப் போனோம். டிராம் ஓடிய வீதிகளில் ஒரு துண்டுத் தண்டவாளமாவது தெரியுமா என்று இரண்டு கிழவர்களும் நிலத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். வழியில் போனவர்கள், நாங்கள் எதையோ தொலைத்துவிட்டதாக எண்ணியிருப்பார்கள்.

மாணவச் செல்வங்களே! மின்காந்தத்தைப்பற்றி நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள், இன்னும் படிப்பீர்கள். அதனோடு இதனையும் நினைவில் வையுங்கள். இன்ன துறையைப் படிப்பதா, இன்ன இடத்துக்குப் போவதா, இன்னாருக்கு மன்னிப்புச் சொல்வதா என்று பாதை பிரியும் இடங்கள் உங்களுக்கும் வரும். எந்தப் பாதை நல்லதென்று எனக்குத் தெரியாது. நான் இந்த ஊரில் இருந்தது தவறென்றும் சொல்லமாட்டேன். பேசாமல் இருந்துவிட்டு, நான் ஒன்றும் தீர்மானிக்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் மேசையில் பதில் எழுதாத கடிதம் ஏதேனும் இருந்தால், அதை இன்றே எழுதிவிடுங்கள்.